தாடை முறிவும் கடின ரப்பரும்

கை கால் எலும்பு முறிந்தால் வெளியிலிருந்து சிம்பு வைத்துக் கட்டிவிடலாம். கீழ்த்தாடைக்கு அந்த வழி போதாது. ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களிலேயே முறிவின் இருபுறமுள்ள பற்களைப் பொன்கம்பியால் பிணைக்கும் முறை கூறப்பட்டிருந்தும், பிற்கால அறுவை மருத்துவர்கள் மோவாயையும் தலையையும் சேர்த்துச் சுற்றும் துணிக்கட்டையே பெரிதும் நம்பினர். பிலடெல்பியாவின் ஜான் ரே பார்ட்டன் 1819இல் விவரித்த கட்டு அவ்வகையில் புகழ்பெற்றது. ஆனால் கட்டு இறுக இறுக முறிந்த முன்துண்டு பின்னோக்கித் தள்ளப்பட்டு எலும்பு கோணலாகக் கூடுவதுண்டு. அப்படிக் கூடியவரின் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாமல், அவர் உணவை மெல்லவே இயலாதவரானார்.

இதற்கு மாற்று, பல் செட் செய்யும் பட்டறையிலிருந்து வந்தது. ரப்பருடன் மிகுதியான கந்தகத்தைக் கலந்து சூடாக்கிப் பெறும் வல்கனைட் என்னும் கடின ரப்பருக்கு நெல்சன் குட்இயர் 1851இல் காப்புரிமை பெற்றபின், அமெரிக்கப் பல் மருத்துவர்கள் அதில் மலிவாகப் பல் செட் செய்யத் தொடங்கியிருந்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் அதே பொருளைக் கொண்டு வாய்க்குள் பொருத்தும் சிம்பான ஸ்பிளின்ட்டை நியூயார்க்கில் தாமஸ் பிரையன் கன்னிங்கும், எதிரணியான தென்மாநிலங்களின் அட்லாண்டாவில் ஜேம்ஸ் பாக்ஸ்டர் பீனும் உருவாக்கினர்.

பீனின் செய்முறையே இவ்வரலாற்றின் உயிர்நாடி. அவர் மெழுகில் பற்களின் அச்செடுத்துப் பிளாஸ்டரில் வார்ப்பார். முறிவால் விலகிய நிலையைக் காட்டும் அந்த வார்ப்பை முறிவுக்கோட்டில் அறுத்து, துண்டுகளை மேல்தாடை வார்ப்பின் பற்களோடு பொருந்துமாறு ஒட்டி, அந்தத் திருத்திய வார்ப்பின்மீதே ஸ்பிளின்ட்டைச் செய்வார். நோயாளியின் வாயில் அதைப் பொருத்தும்போது, விலகிய எலும்பும் ஸ்பிளின்ட்டில் பதிந்த பற்குழிகளுக்குள் பல் சென்று அமரும் நிலைக்கே வந்தாக வேண்டும். எலும்பைச் சீர்செய்ய எலும்பைப் பாராமல், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் கடியைப் பார்த்ததே பெரிய திருப்பம். உணவூட்ட முன்புறம் ஒரு திறப்பும் விடப்பட்டது.

1865 ஏப்ரலில் வண்டி விபத்தில் தாடை முறிந்த அமெரிக்க வெளியுறவுச் செயலர் வில்லியம் சீவர்டுக்குக் கன்னிங் ஸ்பிளின்ட் பொருத்தினார். லிங்கன் சுடப்பட்ட இரவில் சீவர்டைக் கத்தியால் தாக்கியவனிடமிருந்து அவர் தப்பியது ஸ்பிளின்ட்டால்தான் என்னும் கதை சுவையானதேயன்றி உண்மையன்று. கன்னிங் அழைக்கப்பட்டது அத்தாக்குதலுக்குப் பின்னரே.

முறிவில்லாத தாடைக்கும் ஸ்பிளின்ட் வந்த கதை வேறு. உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பதால் ஈறு கெடுகிறது என்று 1901இல் வியன்னாவின் மோரிட்ஸ் கரோலி எழுதினார். இப்படிப் பல்லைக் கடிப்போருக்குக் கடியை உயர்த்தும் ஸ்பிளின்ட் உறைகள் வழக்கத்துக்கு வந்தன. காதுவலியையும் தலைச்சுற்றலையும் கடைவாய்ப்பல் இழப்பால் கடி தாழ்ந்ததோடு இணைத்து அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் 1934இல் எழுதியது அந்தப் போக்கை வலுப்படுத்தியது. அவருடைய உடற்கூற்று விளக்கம் பின்னர் நிராகரிக்கப்பட்டது. ஆயினும் ஸ்பிளின்ட் நிலைத்தது. 1930களின் பிற்பகுதியில் பல் மருத்துவத்துக்கு வந்த அக்ரிலிக், வல்கனைட்டின் இடத்தைப் பிடித்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராம்ஃப்யோர்டும் ஆஷும் வகுத்த, மேற்பற்களை மூடும் தட்டையான ஸ்பிளின்ட்டே பல நாடுகளில் முன்மாதிரியாயிற்று.

முறிந்த தாடையை இன்று பெரும்பாலும் டைட்டானியத் தகடுகள் பிணைக்கின்றன. எனினும் பல்லில்லா முதியவருக்கு அறுவைச் சிகிச்சை இயலாதபோது, அவருடைய பல் செட்டையே கன்னிங் ஸ்பிளின்ட்டாக மாற்றிக் கட்டும் முறை இன்னும் கைவிடப்படவில்லை.