முருங்கைக்காயனின் வழித்தோன்றல்கள்: மட்டக்களப்பு வயலும் நெல்லினப் பன்மையும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்களின் கீழ் விரிந்து கிடக்கும் படுவான்கரை வயல்களைப் பற்றி எழுதுவோர் போடியாரையும் முல்லைக்காரனையும் மறவாது குறிப்பிடுவர். அவ்வயல்களில் விளைந்த நெல்லுக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை நினைப்போர் சிலரே.

முன்னாளில் ஒரு வட்டையிலேனும் ஒரேயினம் விதைக்கப்பட்டதில்லை. மாரிவெள்ளம் தேங்கும் பள்ளக்காணிக்கு நெடிது வளரும் நீண்டகால நெல்லும், மழை குன்றின் வாடும் மேட்டுக்காணிக்குக் குறுகியகால நெல்லும், வாவியின் உவர்நீர் ஏறும் ஓரக்காணிக்கு உப்பைத் தாங்கும் நெல்லும் வேண்டியிருந்தன. ஒரு பெயரால் அழைக்கப்பட்ட நெல்லுக்குள்ளும் பயிருக்குப் பயிர் சிறு வேறுபாடுகள் இருந்தன. விளைச்சல் குறைவேயாயினும், ஆண்டு எத்தன்மையதாயினும் முற்றாகப் பொய்த்துப்போகாத தன்மை இக்கலப்பினாலேயே வாய்த்தது எனலாம்.

1912இல் தோன்றிய விவசாயத் திணைக்களம் பின்னர்த் தூயவழித் தெரிவில் ஈடுபட்டது. உழவரின் நெல்லிலிருந்து சிறந்த தனிப்பயிர்களைத் தெரிந்து, அவற்றின் வித்தை மட்டும் பெருக்கி எண்ணிட்டு வழங்குவதே அம்முறை. முருங்கைக்காயன் 302, பச்சைப்பெருமாள் 2462/11 என்பன அவ்வாறு வந்தவை. பெயர் உழவர் இட்டது; எண் நிலையத்தார் இட்டது. அவ்வெண்ணுக்குள் தெரிவான ஒரு வழி நின்றது. தெரிவாகாத ஏனையவை யாவும் வெளியே நின்றன. நெல்லினப் பன்மை குறுகத் தொடங்கிய முதற்கட்டம் இதுவே என்பது என் கருத்து. புதிய நெல்லினங்கள் மீதே பழியனைத்தையும் சுமத்துவோர் இதனைக் கருதுவதில்லை.

1952இல் பத்தலகொடையில் நெல் இனவிருத்தி நிலையம் அமைந்தது. அங்கு முருங்கைக்காயன் 302ஐ இந்தோனேசிய நெல்லாகிய மாஸ் என்பதுடன் கலந்து பெற்ற எச் 4, 1950களின் இறுதியில் வெளிவந்தது. எரிபந்த நோயைத் தாங்கிய அந்நெல் அளவான பசளைக்கு நல்ல பலன் தந்தமையால் நாடெங்கும் பரவியது. தமிழ்ப்பெயர் பூண்ட ஒரு நெல் இவ்வாறு பசுமைப் புரட்சிக்கு முன்னரே ஒரு புரட்சிக்குத் தாயாயிற்று. எனினும் எச் 4 நெட்டைப்பயிர். பசளை மிகின் சாய்ந்துவிடும். தாய்வானிலிருந்து வந்த குட்டைத் தன்மையே அக்குறையை நீக்கியது. 1975இல் வெளியான பீ.ஜீ. 90-2, பீ.ஜீ. 94-1 ஆகிய இரண்டும் ஐ.ஆர். 262 என்னும் ஒரே பெற்றோரின் வழிவந்தவை. உழவன் கண்ணுக்கு அவை இரு நெல். பிறப்புரிமையியலார் கண்ணுக்கு நெருங்கிய உறவினர்.

இந்நெருக்கம் நெல்லுக்கு மட்டும் உரியதன்று. சூரியகாந்தியிலும் இதனைக் காணலாம். 1969இல் பிரான்சில் இலக்ளேர்க் என்பவர் ஒரு காட்டுச் சூரியகாந்தியின் வழியாகக் கண்டறிந்த ஆண்மலட்டுக் குழியவுருவையே உலகின் பெரும்பாலான கலப்பினச் சூரியகாந்திகள் சார்ந்துள்ளன. அத்தகைய சார்பின் விலையை 1970இல் அமெரிக்கச் சோளச் செய்கை உணர்ந்தது. ஒரேவகைக் குழியவுருவைக் கொண்ட சோளம் இலைவெளிறல் நோயால் பரந்த அளவில் அழிந்தது.

நெல்லுக்கு அச்சோதனை கபிலநிறத் தத்தியின் வடிவில் வந்தது. 1970களில் ஆசிய வயல்களைத் தத்தி எரித்தபோது, எதிர்ப்புத்தன்மையைத் தேடிய ஆய்வாளர் பழைய நெல்லினங்களிடமே திரும்பினர். இலங்கையின் ரத்து ஹீனட்டி, பாபவீ ஆகியவற்றில் இரு வேறு எதிர்ப்புப் பரம்பரையலகுகள் இருத்தல் 1977இல் அறிவிக்கப்பட்டது. 1980இல் வந்த பீ.ஜீ. 379-2 தன் எதிர்ப்பைக் கேரளத்துப் பட்டாம்பி 33இலிருந்து பெற்றது. உவர்நிலத்துக்கென 1992இல் வெளிவந்த ஏ.டி. 354உம் கேரளக் கழிமுகத்துப் பொக்காளியின் வழியதே. வாவியோரத்து உழவனுக்கு வேண்டிய உவர்தாங்கும் பண்பு கடல் கடந்து வந்த கதை இது.

இனிப் பேணுதலைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். வெப்பமும் ஈரமும் மிக்க இக்கரையில் விதைநெல்லின் முளைதிறன் நெடுநாள் நில்லாது. போகந்தோறும் விதைத்தே காக்கவேண்டும். ஒரு குடும்பம் இரண்டு பெரும்போகங்களைத் தவறவிட்டால் அக்குடும்பத்தின் நெல் மறைந்துபோகலாம். 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி அவ்வாண்டுப் பெரும்போகத்தைக் குலைத்தது. பின்னர்ப் போர்க்காலத்தில் படுவான்கரை மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2007இல் ஊர் ஊராக வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தோர் பல்லாயிரவர். பிள்ளைகளைத் தூக்கி வந்தோர் விதைநெல்லையும் தூக்கி வந்திருக்கவேண்டும் என எதிர்பார்த்தல் தகாது. திரும்பியபின் நிவாரணமாகக் கிடைத்த நெல்லையே பலரும் விதைத்தனர்.

1980களின் இறுதியில் கன்னொறுவையில் அமைந்த தாவரப் பிறப்புரிமை வளநிலையம் பழைய நெல்லினங்களின் வித்துகளைக் குளிரறையில் காத்துவருகின்றது. அது பெரும்பணி. எனினும் குளிரறை வித்துக்கு எந்த வட்டையின் பள்ளத்தில் எந்த மழைக்குப் பின் விதைக்கப்பட்டதென்று சொல்லத் தெரியாது. அதனைச் சொல்லக்கூடிய முதிய வயற்காரர் சிலர் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலும் கரடியனாற்றுப் பக்கத்திலும் இன்னும் உளர். நம் மாணவர் கையேட்டுடன் அவர்களிடம் செல்வதற்கு அடுத்த பெரும்போகத்து விதைப்புக்காலம் ஏற்ற வேளையாகும்.