கரையொதுங்கிய பொறிகள்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே பழந்தமிழ்ச் சாசனம் ஒன்று உளது. பொலனறுவையிலிருந்து அரசு செலுத்திய முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பொறிப்பித்தது அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே, அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்திறங்கல் வேண்டும். அவர்க்குக் காவல் அளித்தல் வேண்டும் என்பது அதன் செய்திகளுள் ஒன்று. அடுத்து உடைந்த கலங்களுக்கு விதி கூறப்படுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடையுமாயின் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் ஆகும். வணிகச் சரக்கு ஏற்றிய கலமாயின் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு.

வரலாற்று வகுப்பு மாணவரைக் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேற்றி இச்சாசனத்தைக் காட்டி வருவது ஆண்டுதோறும் எனது வழக்கம். சில ஆண்டுகளின் முன், இப்பங்கீட்டை யான் விளக்கிக் கொண்டிருக்கையில் மாணவி ஒருத்தி, “சேர், ஒருத்தருக்கும் வேண்டாத சாமான் கரையொதுங்கினால் அதை ஆர் எடுக்கிறது?” என வினவினாள். பிள்ளைகள் நகைத்தனர். யானும் நகைத்துவிட்டு மறுமொழி கூறாது வந்தேன். வேலணைக்கு மீண்டு, என் வீட்டுப் பின்னறைக் கதவைத் திறந்த பொழுதுதான் அவ்வினா எனக்கே உரியது என்பது புலனாயிற்று.

அவ்வறை முழுதும் வேண்டாத சாமான்களே. அலுவலகங்கள் கழித்த கணினிகள் நான்கு, ஊசிமுனை அச்சுப்பொறி ஒன்று, ஐந்தேகால் அங்குலத் தட்டுகளை வாசிக்கும் செலுத்திகள் இரண்டு, ஒலிநாடாக் கருவிகள், யாழ்ப்பாண நகரில் மனு எழுதுவார் ஒருவரிடம் வாங்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறி ஒன்று. இல்லாள் அதனைப் ‘பழைய இரும்புக்கடை’ என்பார். உண்மையான பழைய இரும்பு வாங்குபவரோ மாதம் ஒருமுறை படலையில் நின்று நலம் விசாரித்துப் போவார். வழக்கிறந்த கணினிகளைத் தேடிச் சேர்ப்போர் மேனாடுகளிற் பலர் உளர். அவர்க்கு அது பொழுதுபோக்கு. அவர்க்கென அரும்பொருட் சாலைகளும் உண்டு. தீவகத்து ஆசிரியன் ஒருவனுக்கு இஃது ஏன் வரலாற்றுப் பணியாயிற்று என்பதனையே ஈண்டுக் கூறப் புகுந்தேன்.

மேற்கூறிய விதியைக் கல்லிலும் செம்பிலும் பொறிக்கச் செய்ததாகச் சாசனமே உரைக்கின்றது. கல் நம்முன் நிற்கிறது. செம்பைக் கண்டாரில்லை. அஃது உருக்கப்பட்டுக் குடமாகவோ விளக்காகவோ போயிருத்தல் வேண்டும் என்பது என் ஊகம். விலையுள்ள பொருளில் எழுதிய எழுத்துக்கு அவ்விலையே பகையாகும். கணினிக்கும் இவ்விதியே. சுற்றுப்பலகையின் முனைகளிற் பூசிய மெல்லிய பொன்னுக்காகவும், உள்ளே ஓடும் செம்புக் கம்பிக்காகவும் அது சுத்தியலால் உடைக்கப்படுகின்றது. உள்ளே இருந்த எழுத்தை எவரும் நிறுத்து விலை பேசுவதில்லை.

உலகறிந்த கரையொதுங்கிய பொறி ஒன்றின் கதையும் இதனையே காட்டும். அது கிரேக்கக் கடலிற் கிடைத்தது. 1900ஆம் ஆண்டின் இளவேனிலிலே, சிமி என்னும் தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு குளிப்போர் சிலர் புயலுக்கு ஒதுங்கி அந்திகிதேரா என்னும் சிறு தீவின் அருகே தங்கினர். அவ்விடத்து ஏறத்தாழ 45 மீற்றர் ஆழத்திலே பழங்கலம் ஒன்று சிதைந்து கிடப்பதைக் கண்டனர். மறு ஆண்டு வரை நடந்த அகழ்விலே வெண்கலச் சிலைகளும் பளிங்குச் சிலைகளும் வெளிவந்தன. அவற்றுக்காகக் குளித்தோருள் ஒருவர் இறந்தார், இருவர் முடமாயினர். ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுவோரைப் பற்றும் அந்நோய் நம் கடற்றொழிலாளர்க்கும் புதிதன்று.

சிலைகளைக் காண அதென்ஸ் நகரம் திரண்டது. அவற்றோடு வந்த, களிம்பேறிய வெண்கலக் கட்டி ஒன்றை எவரும் பொருட்படுத்தவில்லை. 1902இல் வலேரியோஸ் ஸ்தாயிஸ் என்னும் தொல்லியலாளர் அதனுள்ளே பற்சக்கரம் இருப்பதைக் கண்டார். எனினும் அரை நூற்றாண்டுக்கு மேல் அது புதிராகவே கிடந்தது. டெரெக் த சொல்லா பிறைஸ் என்னும் அறிஞர் 1959இல் அதனைப் பண்டைக் கிரேக்கர் கணினி எனத் துணிந்து எழுதினார். 2005இல் ஊடுகதிர் கொண்டு எடுத்த படங்கள் அவர் துணிவை உறுதிசெய்து, அவர் கணக்கிற் சிலவற்றைத் திருத்தின. இன்று எஞ்சியவை 82 துண்டுகள், சக்கரங்கள் 30. ஞாயிறும் திங்களும் நிற்கும் இடத்தையும், கிரகணம் வரும் நாளையும் கைப்பிடி சுழற்றிக் கணிக்கும் பொறி அது. பஞ்சாங்கத்தையே பித்தளைப் பெட்டியில் அடைத்தாற் போன்றது எனலாம்.

கிறித்துவுக்கு முற்பட்ட அப்பொறிக்கு ஒப்பான பற்சக்கர நுட்பம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வேறெங்கும் காணப்படவில்லை. கிரேக்கர் ஒன்றே ஒன்று செய்து நிறுத்தியிருப்பாரா? அவ்வாறு எண்ண என் மனம் இடந்தரவில்லை. கரையில் இருந்தவை வெண்கலத்தின் விலைக்காக உருக்கப்பட்டன. கடலில் மூழ்கியது மட்டும் தப்பிற்று என்று கொள்வதே பொருந்தும்.

பிறைஸ் அவர்கள் வரலாற்றுத் துறைக்கு வந்த வழியும் நம்மவர்க்குச் சற்று அணுக்கமானது. 1940களின் இறுதியில் அவர் சிங்கப்பூர் இராபிள்ஸ் கல்லூரியிற் கணிதம் கற்பித்தவர். அந்நகரிலே அவருக்கு முந்திய தலைமுறையில், நம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா என்பவர் வேறொரு பொறியோடு போராடிக் கொண்டிருந்தார். ஆங்கிலத்துக்கு அமைத்த தட்டச்சுப்பொறியிலே தமிழின் 247 எழுத்துக்களையும் எவ்வாறு அடக்குவது? எழுத்துக்களை உறுப்புறுப்பாகப் பிரித்தார். புள்ளியும் விசிறியும் அடிக்கும் போது உருளை நகராது நிற்குமாறு நகரா விசையை அமைத்தார். ஜேர்மனியின் சைடல்–நௌமன் தொழிற்சாலை அவர் திட்டப்படி ‘பிஜோ’ என்னும் சிறுபொறியைச் செய்து அனுப்பிற்று. தமிழிற் கடிதமும் மனுவும் அச்செழுத்திற் பிறந்தது அவ்வாறே.

எம் வீட்டிலும் தந்தையார் வைத்திருந்த தமிழ்த் தட்டச்சுப்பொறி ஒன்று இருந்தது. 1990 ஆகஸ்டில் தீவகம் படையினர் வசமான பொழுது, பெரும்பாலார் போலவே யாமும் உடுத்த துணியோடு குடாநாட்டுக்குள் ஓடினோம். எனக்கு அப்பொழுது பத்து வயது. அங்கே மின்சாரம் இல்லை; மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருள். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்துவைத்து ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவில் வரும் மின்னைக் கொண்டு யாவரும் வானொலிச் செய்தி கேட்போம். பழைய கருவியின் அருமையை எனக்குக் கற்பித்தது அவ்வண்டிதான். 2003இல் வேலணைக்கு மீண்டபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றைத் தூர்வாரினோம். வாளியும் ஓடும் சேறும் வந்தபின் தட்டச்சுப்பொறியின் உருளை மட்டும் வந்தது. என் சேகரத்தின் முதற்பொருள் அது.

எனினும் உருளை தன்னைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். கணினியின் நிலை வேறு. தட்டச்சில் அடித்த தாளை வாசிக்கத் தட்டச்சுப்பொறி வேண்டியதில்லை. கணினித் தட்டிலே எழுதியதை வாசிக்க மற்றொரு பொறி வேண்டும். அப்பொறி விளங்கிக் கொள்ளும் குறியீடும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று அழியினும் எழுத்து அழிந்ததே. இங்கிலாந்தில் நிகழ்ந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1086இல் முதலாம் வில்லியம் மன்னன் தொகுப்பித்த ‘டூம்ஸ்டே’ நிலக்கணக்கின் 900ஆம் ஆண்டு நிறைவுக்காக, 1986இல் பிபிசி நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நாடெங்கும் செய்தி திரட்டி லேசர்த் தட்டுகளிற் பதித்தது. பதினாறு ஆண்டுகள் செல்லுமுன் அத்தட்டை வாசிக்கும் பொறிகள் அருகிவிட்டன. பல்கலைக்கழக ஆய்வாளர் முயன்று 2002இல் அதனை மீட்டனர். பழைய தோலேடோ இன்றும் கண்ணாற் படிக்கத்தக்கதாக இருக்கிறது.

அமெரிக்காவிலே 1966, 1967ஆம் ஆண்டுகளில் ஐந்து விண்கலங்கள் சந்திரனைப் படமெடுத்து அனுப்பிய நாடாக்கள் இருந்தன. அவற்றை ஓட்டும் பெரும்பொறிகள் இல்லை. நான்சி எவன்ஸ் என்னும் அம்மையார் அரசு கழித்துவிட்ட பொறிகளைத் தம் வீட்டு வண்டிக் கொட்டகையிலே பல்லாண்டு காத்து வைத்திருந்தார். அவற்றைத் திருத்தியே 2008 முதல் அப்படங்கள் மீட்கப்பட்டன. அம்மையாரின் அயலார் அக்கொட்டகையை என்ன பெயரிட்டு அழைத்தனரோ?

இனி எம் ஊர்க்கதை. அயற்கிராமத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ரொறன்ரோவிலிருந்து மகன் கொணர்ந்து கொடுத்த கணினியிலே, தம் ஊரின் வரலாற்றைப் பொறித்து வந்தார். பழம்பெருமை பேசும் நூல் அன்று அது. 1990இன் முன் எந்தத் தெருவில், எந்த வளவில், எவர் குடியிருந்தார், அவர் இப்பொழுது எந்த நாட்டில் என வீடுவீடாக எழுதிய பெயர்வழி. அவர் மறைந்தபின் மருமகள் மலிபன் பிஸ்கற் தகரம் ஒன்றை என்னிடம் தந்தார். அதனுள் பிளொப்பி என யாவரும் வழங்கிய நெகிழ்தட்டுகள் 14 இருந்தன. ஒவ்வொன்றும் 1.44 மெகாபைற்று. இன்று கைப்பேசியால் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாது. ஓர் ஊருக்கு அது தாராளம்.

நகரில் வாங்கிய புதுச் செலுத்தி இரண்டு தட்டுகளை மட்டும் வாசித்தது. ஆசிரியரின் கணினியில் வாசிப்புமுனை இம்மியளவு விலகியிருந்தமையே காரணம் என்பது பின்னர்த் தெரிந்தது. விலகிய முனை எழுதியதை அம்முனையே நன்கு வாசிக்கும். ஆகவே அக்கணினியையே தேடினேன். அது பாடசாலை ஒன்றுக்கு அன்பளிப்பாகி, பழுதாகி, சாமானறை துப்புரவான நாளில் இரும்போடு இரும்பாகப் போயிருந்தது. எம் படலைக்கு வரும் அதே வியாபாரியின் வளவிலே, மழையில் நனைந்த குவியலின் அடியில் அதன் பெட்டியைக் கண்டேன். உப்புக்காற்று பலகையைத் தின்றிருந்தது. செலுத்தி மட்டும் உள்ளே இருந்தது. நிறுத்து முந்நூறு ரூபா கேட்டார், கொடுத்தேன்.

துடைத்து எண்ணெயிட்டுப் பூட்டியபோது மேலும் ஒன்பது தட்டுகள் வாய்திறந்தன. திரையிலே தோன்றியதோ தமிழ் அன்று. ஆசிரியர் ‘பாமினி’ எழுத்துருவில் எழுதியிருந்தார். ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் நம்மவர் பெரிதும் கையாண்ட அவ்வெழுத்துரு, ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் வடிவை அமர்த்தியது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே ‘தமிழ்’ என்னும் சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். 1991 முதலே யுனிகோடில் தமிழுக்கு இடம் இருந்தும், அக்காலத்து இல்லக் கணினிகள் அதனை அறியா. நல்லவேளையாகப் பாமினியை மாற்றித் தரும் கருவிகள் இன்றும் உள. அவை வழக்கொழியும் நாளில் நம் சங்க அறிக்கைகளும் மலர்களும் நினைவு நூல்களும் என்னாகும்? 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் தாளில் உள்ளவற்றைப் பெருமுயற்சியோடு காத்து வருகின்றது. தாளுக்கு வாராமலே கணினியிற் பிறந்து கணினியில் இறப்பவற்றுக்கு இன்னும் வழி காணவில்லை. இதனை வாசிக்கும் பழைய மாணவர்தம் வீட்டுப் பெட்டிகளிலும் அவ்வாறான தட்டுகள் கிடத்தல் கூடும். அவற்றை எழுதிய செலுத்தியோடு சேர்த்தே அவர் வைத்திருத்தல் நன்று.

பெயர்வழியின் மீட்ட பகுதியைக் கண்டு கனடாவிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் சிலர் எழுதினர். வேலி எங்கே இருந்தது என்று ஒருவர். தம் பேர்த்தியாரின் முழுப்பெயர் யாது என்று மற்றொருவர். இரு கேள்விக்கும் விடை அதிலே இருந்தது.

அன்று வினவிய மாணவி இப்பொழுது பல்கலைக்கழகத்திற் கணினி பயில்கிறாள். சென்ற விடுமுறையில் வந்து, எஞ்சிய மூன்று தட்டுகளையும் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தாள். இரண்டிலே பூஞ்சணம் பிடித்திருந்தது. உறையைப் பிரித்து, மதுசாரம் தோய்த்த பஞ்சினால் மெல்லத் துடைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்றாள்; கீறினால் யாவும் போய்விடும் என்றும் சொன்னாள். இன்னும் துணியவில்லை. மூன்றாவது தட்டின் மேலே ‘வடக்குத் தெரு, கிழக்குப் பக்கம்’ என்று ஆசிரியர் நீல மையினால் எழுதிய எழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது.