செலவான பணமும் முடிந்த பணியும்: ஒரு மென்பொருள் திட்டத்தின் கணக்கு

அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ., காகிதக் கோப்புகளுக்குப் பதிலாகக் கணினியில் வழக்குகளைக் கையாள்வதற்கென 'சென்டினல்' என்ற திட்டத்தை 2006ஆம் ஆண்டு தொடங்கியது. இதற்கு முந்தைய முயற்சி, சுமார் 17 கோடி டாலர் செலவான பின்னர் 2005இல் கைவிடப்பட்டிருந்தது. தகவல்களைத் தேடி இணைத்துப் பார்க்க இயலாத நிலை, 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் அத்துறையின் பெருங்குறையாகச் சுட்டப்பட்டு வந்தது.

நான்கு கட்டங்களாக 2009 டிசம்பரில் முடிய வேண்டிய சென்டினலுக்கு 45.1 கோடி டாலர் வரை ஒதுக்கப்பட்டது. 2010 ஆகஸ்டில் அதில் 40.5 கோடி செலவாகியிருந்தது. புலனாய்வாளர்களின் கைக்கு வந்தவை இரண்டு கட்டங்களே என்று அமெரிக்க நீதித்துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அறிக்கை தெரிவித்தது.

செலவை மட்டும் பார்த்தால், திட்டம் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்றதாகவே தோன்றும். இந்தத் தோற்றப்பிழையைத் தவிர்க்கவே 'ஈட்டிய மதிப்பு' என்ற கணக்குமுறை பயன்படுகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத்துறை 1967இல் இதற்கு விதிகள் வகுத்தது. இதுவரை முடிந்திருக்க வேண்டிய பணியின் மதிப்பு, உண்மையில் முடிந்த பணியின் மதிப்பு, அதற்கு ஆன செலவு ஆகிய மூன்றும் இதில் ஒப்பிடப்படுகின்றன.

நான்கு கட்டங்களும் சம மதிப்புடையவை என்று தோராயமாகக் கொண்டால், சென்டினல் ஈட்டியது சுமார் 22.5 கோடி டாலர். அதாவது, செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 56 சென்ட் அளவிலான பணியே கிடைத்தது. இதே வேகம் நீடித்தால் மேலும் 40 கோடி தேவைப்படும். பழைய முறையிலேயே தொடர்ந்தால் குறைந்தது 35.1 கோடி டாலரும் ஆறு ஆண்டுகளும் கூடுதலாக வேண்டும் என மைட்டர் என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருந்ததை நோக்கும்போது, இந்த எளிய கணக்கு அப்படியொன்றும் பிழையானதல்ல.

ஆயினும் 'முடிந்த பணி' எது என்பதில்தான் இம்முறை பெரும்பாலும் சறுக்குகிறது. கட்டிடத்தில் எழும்பிய சுவரைக் கண்ணால் காணலாம். பாதி எழுதப்பட்ட மென்பொருளை அப்படி அளக்க முடியாது. 90 சதவீதம் முடிந்ததாகச் சொல்லப்படும் பணி, பல மாதங்கள் அதே 90 சதவீதத்தில் நிற்பது இத்துறையில் பழகிப்போன ஒன்று. எனவே, சோதனையில் தேறும் வரை ஒரு பகுதிக்கு எந்த மதிப்பும் தராத கடும் விதியைச் சில நிர்வாகிகள் பின்பற்றுகின்றனர்.

எஃப்.பி.ஐ.யும் ஏறத்தாழ அந்த வழிக்கே வந்தது. 2010இல் திட்டத்தை ஒப்பந்ததாரரிடமிருந்து நேரடியாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை இயங்கும் மென்பொருளைச் செய்து காட்டும் முறைக்கு மாறியது. சென்டினல் 2012 ஜூலையில் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது.