ரெனின் மறக்கப்பட்டதும் மீட்கப்பட்டதும்: குருதியழுத்த ஆய்வு வரலாற்றில் ஒரு பகுதி (1896–1958)

திறவுச்சொற்கள்: குருதியழுத்தம், சிறுநீரகம், ரெனின், ஆஞ்சியோடென்சின், மருத்துவ வரலாறு

கழிவை வடித்து வெளியேற்றும் உறுப்பாகவே நெடுங்காலம் கருதப்பட்ட சிறுநீரகம், குருதியழுத்தத்தை ஆளும் உறுப்புகளுள் ஒன்று என்பது இன்று பாடநூற்செய்தி. அழுத்தம் தாழும்போது சிறுநீரகம் ரெனின் என்னும் நொதியைக் குருதியில் விடுகிறது. கல்லீரலில் உருவாகும் புரதமொன்றை அந்நொதி வெட்ட, அதன் வழியே ஆஞ்சியோடென்சின் தோன்றுகிறது. அது குருதிநாளங்களைச் சுருக்குகிறது. அட்ரினல் சுரப்பியைத் தூண்டி உப்பையும் நீரையும் உடலில் தங்கச் செய்கிறது. இத்தொடரின் முதற்கண்ணி 1898இலேயே அச்சேறியது. எனினும் அடுத்த 35 ஆண்டுகள் அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலர். இம்மறதியைக் காலத்தை முந்திய அறிஞரை உலகம் புறக்கணித்த கதையாகச் சொல்வது வழக்கம். நிகழ்வுகளின் வரிசை அதற்கு இடந்தருவதாக இல்லை.

பின்லாந்தைச் சேர்ந்த உடலியங்கியலாளர் ராபர்ட் டிகர்ஸ்டெட், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தபோது, தம் மாணவர் பெர் பெர்க்மனுடன் 1896ஆம் ஆண்டின் இறுதியில் இச்சோதனைகளைத் தொடங்கினார். முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாற்றை மற்றொரு முயலின் கழுத்துச்சிரையில் செலுத்தியபோது அழுத்தம் உயர்ந்தது. புறணிப் பகுதியின் சாறே இவ்வாற்றலைக் கொண்டிருந்தது; அகணியின் சாற்றில் அது காணப்படவில்லை. கொதிக்க வைத்தபின் சாறு பயனிழந்தது. அப்பொருளுக்கு அவர்கள் இட்ட பெயரே ரெனின். உறுப்புச் சாறுகளைச் செலுத்திப் பார்ப்பது அக்காலத்தில் புதுமையன்று. அட்ரினல் சாறு அழுத்தத்தை உயர்த்துவதை ஆலிவரும் ஷேஃபரும் அதற்குச் சற்று முன்னரே காட்டியிருந்தனர்.

டிகர்ஸ்டெட் 1897இல் மாஸ்கோவில் கூடிய பன்னாட்டு மருத்துவ மாநாட்டில் இதனை அறிவித்தார். மறு ஆண்டு ஜெர்மன் மொழியில் விரிவான கட்டுரை வெளிவந்தது. அதன்பின் அவர் இப்பொருளை மேலும் தொடரவில்லை. பிறர் செய்து பார்த்தபோது சிலருக்கு அழுத்தம் உயர்ந்தது, சிலருக்குத் தாழ்ந்தது. தூய்மையற்ற சாறுகளில் இது வியப்பன்று. இதனினும் முதன்மையான காரணம் வேறு. ரிவா-ரோச்சியின் கைப்பட்டைக் கருவி 1896இல்தான் வந்தது. கொரோட்கோவ் ஒலிகேட்டு அளக்கும் முறையை 1905இல் உரைத்தார். நோயாளியின் அழுத்தத்தை நாள்தோறும் அளக்கும் வழக்கமே வேரூன்றாத காலத்தில், சில நிமிடங்கள் நீடிக்கும் முயலின் அழுத்த உயர்வு மருத்துவரின் எவ்வினாவுக்கும் விடையாகவில்லை. கேட்பார் இல்லாத விடையாகவே அது கிடந்தது. டிகர்ஸ்டெட் 1923இல் மறைந்தார்.

வினா பின்னரே எழுந்தது. உயர் அழுத்தம் குறுகிய நாளங்களினூடே குருதியைத் தள்ளுவதற்கு உடல் மேற்கொள்ளும் ஈடுகட்டல் என்றும், அதனைக் குறைப்பது தீங்காகலாம் என்றும் 1930களில் மருத்துவர் பலர் கருதினர். நோயாளியின் அழுத்தத்தைக் குறைப்பதா, விட்டுவிடுவதா என்னும் முடிவு இக்கருத்தையே சார்ந்திருந்தது. கிளீவ்லாந்து நோய்க்கூற்றியலாளர் ஹாரி கோல்ட்பிளாட், பிணக்கூராய்வுகளில் உயர் அழுத்தமுடையோரின் சிறுநீரக நுண்தமனிகள் குறுகியிருந்ததைக் கண்டு, காரணகாரிய வரிசையைத் தலைகீழாக்கிப் பார்த்தார். நாய்களின் சிறுநீரகத் தமனிகளை வெள்ளிக் கவ்வியால் இறுக்கினார். உயர்ந்த அழுத்தம் நீடித்து நின்றது. பிற நாளங்கள் நலமாயிருந்த விலங்கிலும் அழுத்தம் ஏறியது என்பதே 1934இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் வலிமை. சிறுநீரக நரம்புகளை அகற்றியபின்னும் விளைவு மாறாமையால், குருதிவழிப் பொருளொன்றைத் தேட வேண்டியதாயிற்று.

புவனோஸ் ஐரெஸ் நகரில் ஹூசேயும் ஃபாசியோலோவும் அழுத்தம் உயர்ந்த நாயின் சிறுநீரகத்தை மற்றொரு நாயின் கழுத்தில் இணைத்தபோது அதன் அழுத்தமும் ஏறியது. டிகர்ஸ்டெட்டின் ரெனின் மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. ஆனால் ரெனின் தானே நாளத்தைச் சுருக்கவில்லை. குருதி நீர்மத்தோடு கலந்த பின்னரே அவ்வாற்றல் பிறந்தது. அர்ஜென்டினாவில் பிரவுன்-மெனென்டஸ் குழுவினரும், இண்டியானாபொலிஸில் இர்வின் பேஜ் குழுவினரும் 1939-40இல் தனித்தனியே இவ்விடைப்பொருளைக் கண்டனர். முன்னவர் அதனை ஹைபர்டென்சின் என்றனர். பின்னவர் ஆஞ்சியோடோனின் என்றனர்.

ஒரே பொருளுக்கு இருபெயர் வழங்கியது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. இதற்கிடையே ஸ்கெக்ஸ் குழுவினர், பத்து அமினோ அமிலங்களாலான வடிவம் எட்டாகக் குறுகிய பின்னரே செயலாற்றுகிறது என்பதையும், அதனைக் குறுக்கும் நொதி ஒன்று உண்டு என்பதையும் நிறுவினர். கேப்டோப்ரில் முதலிய மருந்துகள் பிற்காலத்தில் தடுத்தது அந்நொதியையே. பெயர்ப் பூசல் 1958இல் ஓய்ந்தது: பிரவுன்-மெனென்டஸும் பேஜும் கூடிப் பேசி, ஒரு பெயரின் முற்பாதியையும் மற்றதன் பிற்பாதியையும் இணைத்து ஆஞ்சியோடென்சின் என்றனர். மறு ஆண்டு சனவரியில் பிரவுன்-மெனென்டஸ் விமான விபத்தில் உயிரிழந்தார்.