தலையும் உடலும்

ஓர் உருவத்தை இன்னாருடையது என்று நமக்கு அறிவிப்பது தலையா, உடலா? பொம்மையைக் கையில் ஏந்திய சிறுவனுக்கும் இவ்வினா எழும். ஆலயத் தூணின் முன் நிற்கும் அறிஞனுக்கும் எழும்.

இக்காலத்தில் உலகின் பல நாடுகளிலும் இளைஞர் பலர் ஒரு புதுமையான பொழுதுபோக்கில் ஈடுபட்டுள்ளனர். கைகால் மூட்டுக்கள் அசையும் வீரர் பொம்மைகளை, 'ஆக்‌ஷன் ஃபிகர்' எனப்படுவனவற்றை, அவர்கள் தொகுத்து வைக்கின்றனர். தொகுப்பதோடு அமையாமல், ஒரு பொம்மையின் தலையைக் கழற்றிவிட்டுத் தாம் விரும்பும் வேறொரு தலையை வடித்து அவ்வுடலிற் பொருத்துகின்றனர். இவ்வகைப் பொம்மைகளுக்கு முன்னோடி, 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் வெளியிட்ட 'ஜி. ஐ. ஜோ' என்னும் போர்வீரன் பொம்மை. அதன் உயரம் ஏறக்குறைய ஓரடி. அதாவது ஆறடி மனிதனில் ஆறில் ஒரு பங்கு. தரைப்படை, கடற்படை, விமானப்படை என உடை வேறுபட்டதேயன்றி, உடலும் முகவார்ப்பும் ஒன்றாகவே இருந்தன. இவ்வாறு ஒரே அச்சிற் பிறந்த உடல்களுக்குத் தனிப்பெயரும் தனிக்குணமும் வேண்டுமாயின், தலையை மாற்றுவதே வழி.

மாற்றுவது எளிதென்று தோன்றும். கழுத்தின் முனையில் ஒரு குமிழ். தலையின் அடியில் ஒரு குழி. குழி இறுக்கமாயின், தலையைச் சற்று வெந்நீரில் இட்டு இளக்குவர். தளர்ந்திருப்பின், குமிழின்மேல் மெல்லிய தாளைச் சுற்றுவர். கழுத்தின் நிறமும் முகத்தின் நிறமும் ஒத்திருக்குமாறு வண்ணம் தீட்டுவர். இத்தனையும் செய்த பின்னரும் சில பொம்மைகள் உயிரற்றுக் கிடக்கும். தலை ஒட்டவைத்த தலையாகவே தோன்றும். காரணம் யாது? அளவு பிழைத்ததே காரணம். தலை சிறிது பெருத்தால் வீரன் குழந்தையாகிவிடுவான்; சிறிது சிறுத்தால் அரக்கனாகிவிடுவான்.

இவ்வுண்மையை நம் நாட்டுச் சிற்பிகள் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே இலக்கணமாக வகுத்துவைத்தனர். நெற்றியின் மயிரெல்லை தொடங்கி மோவாய் வரையுள்ள முகநீளத்தை ஒரு 'தாலம்' என்பர். அதனைப் பன்னிரண்டு அங்குலமாகப் பகுப்பர். இவ்வங்குலம் நாம் அளவுகோலிற் காணும் அங்குலமன்று. உருவத்திற்கு உருவம் வேறுபடுவது. நவதால உருவம் 108 அங்குலம். பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலம் 124 அங்குலம். விநாயகர்க்கும் குறள் வடிவினர்க்கும் பொதுவாக ஐந்து தாலம். ஆகவே, தலைதான் உடலை அளக்கும் கோல். திருவிதாங்கூர் அரசின் தொல்பொருள் துறையில் தலைமை வகித்த து. அ. கோபிநாத ராவ் இவ்வளவு முறைகளை ஆராய்ந்து எழுதிய நூல் 1920-இல் வெளிவந்தது. அந்நாளில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் ஒரு பகுதியாக இருந்தது. 1956 நவம்பர் முதல் நாளன்றுதான் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

நாஞ்சில் நாட்டிலேயே இவ்விலக்கணத்தை எண்ணிப் பார்ப்பதற்கு உகந்த இடம் சுசீந்திரம். அங்குள்ள தாணுமாலயன் கோயிலின் வரலாற்றைப் பேராசிரியர் கே. கே. பிள்ளை விரிவாக ஆராய்ந்து 1953-இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். அக்கோயிற் சிற்பங்களுள் ஒன்று விநாயகி. பெண்ணுடல், யானைத்தலை. சிவபெருமான் பிள்ளையார்க்கு யானைத்தலை பொருத்திய கதையையும், தக்கனுக்கு ஆட்டுத்தலை வாய்த்த கதையையும் நாம் அறிவோம். தலை மாறியபின் பிள்ளையார் ஆனைமுகன் என்று அத்தலையாலேயே பெயர் பெற்றார் அன்றோ! பருத்த குறுகிய உடலில் யானைத்தலை அமைவது ஒருவாறு எளிது. அங்கே கழுத்து என்பதே புலப்படுவதில்லை. பெண்ணின் தோள்மீது அதே தலையை அமைப்பது அரிது. கல்லில் ஒட்டு இல்லை. ஒட்டு சிற்பியின் சிந்தையில் மட்டுமே உண்டு. அச்சிந்தை பிழைத்திருந்தால் கல் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒட்டு மறையாமல், ஒட்டே அழகாக விளங்கும் பொம்மையும் நம்மிடம் உண்டு. அதுவே தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை. நடனமாதின் தலை தனி, மார்பு தனி, பாவாடை தனி. தலை கம்பிமுனையில் தொங்குகிறது. அதன் கனம் தாங்குமுனைக்குக் கீழே அமையுமாறு கைவினைஞர் செய்கின்றனர். ஆதலின், தொட்டால் ஆடுகிறது. ஆடியபின் நிமிர்ந்து நிற்கிறது. கடிகார ஊசலின் தத்துவமே இது. கனம் மேலே ஏறிவிட்டால் தலை சாய்ந்தது சாய்ந்தபடியே கிடக்கும். தலையைப் பொருத்துவோன் வடிவத்தை மட்டுமன்றி எடையையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இனிக் குமரிமுனைக்குச் செல்வோம். அங்கே கடல் நடுவே, பாறையின்மேல் திருவள்ளுவர் நிற்கிறார். கணபதி ஸ்தபதியார் அமைத்த அவ்வுருவின் பணி 1990-இல் தொடங்கி, 2000 சனவரி முதல் நாளன்று திறப்புவிழாக் கண்டது. பீடம் 38 அடி, உருவம் 95 அடி, கற்கள் 3,681. இங்கே தலையும் உடலும் ஒரு கல்லாக இல்லை. கல்மேற் கல்லாக அடுக்கி இணைக்கப்பட்டவை. முகம் 10 அடி, உடல் 40 அடி, தொடையும் காலும் 45 அடி என்று கணக்கிட்டுள்ளனர். பத்தடி முகத்தைக் கோலாகக் கொண்டு அளந்து பாருங்கள்: உருவம் ஒன்பதரை முகம். ஓரங்குலத் தவற்றையும் பொறுக்காத அவ்விணைப்பு, 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து மோதியபோதும் நிலைகுலையவில்லை. வள்ளுவரை நேரிற் கண்டு வரைந்த ஓவியம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும், கரையில் நிற்கும் குழந்தையும் அம்முகத்தைக் கண்டு 'வள்ளுவர்' என்கிறது. முகத்தை நாம் கற்பனையாற் பெறலாம். அதனைத் தாங்கும் அளவைக் கற்பனையாற் பெற இயலாது.

மாணவர்களே, உங்கள் தம்பியோ தங்கையோ தலை கழன்ற பொம்மை ஒன்றைக் குப்பையில் எறியச் சென்றால், அதனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். களிமண்ணால் ஒரு தலை செய்து பொருத்திப் பாருங்கள். முதல் தலை பொருந்தாது. இரண்டாவதும் பொருந்தாது போகலாம். அப்போது முகத்தை அளந்து, உடலை அளந்து, மீண்டும் செய்யுங்கள். அதன்பின் சுசீந்திரத்திற்குச் சென்று, விநாயகியின் தோளில் அத்தலை சேருமிடத்தைச் சற்றுநேரம் நின்று பாருங்கள். பெயர் அறியாத அச்சிற்பி எத்துணை முறை அளந்திருப்பான் என்பதை உங்கள் கைகளே உங்களுக்குச் சொல்லும்.