கல்யாண கெசட்டுக்குள் ஒரு சமூகம்

திருகோணமலை முஸ்லிம்களின் வரலாற்றை எழுத முனைவோர் முதலில் தேடிப்போவது பள்ளிவாசல் குறிப்பேட்டை. அடுத்தது காணி உறுதி. அதற்கடுத்தது காவின் புத்தகம். இம்மூன்றுக்கும் அப்பால் நான்காவதாக ஓர் ஆதாரம் எமது வீட்டு அலுமாரிகளின் மேல்தட்டில், பழைய சீலைத்துண்டில் சுற்றப்பட்டுக் கிடக்கின்றது. அதுதான் கல்யாண வீடியோ கெசட். பாலையூற்றிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் 1980களின் பிற்பகுதி தொட்டு எடுக்கப்பட்ட இக்கெசட்டுகளை வரலாற்று ஆவணமாக எண்ணும் வழக்கம் எம்மிடம் இல்லை. கவிதைக்கும் கதைக்கும் நாட்டார் பாடலுக்கும் ஆய்வரங்கு வைக்கின்ற நாம், கெமராவைத் தோளில் சுமந்து ஊரூராகத் திரிந்த வீடியோக்காரரை ஒரு தொழிலாளியாக மட்டுமே பார்த்து வந்திருக்கின்றோம்.

இது எப்படித் தொடங்கிற்று? 1977க்குப் பின் திறந்த பொருளாதாரமும் மத்திய கிழக்குப் பயணமும் சேர்ந்தே வந்தன. 1979 ஏப்ரல் 13ஆந் திகதி சுயாதீன தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி வந்தது. அதே காலத்தில் சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் திரும்பியோரின் பெட்டிக்குள் 'டெக்' வந்தது. யப்பானின் ஜேவீசீ நிறுவனம் 1976இல் வெளியிட்ட வீஎச்எஸ் முறை, அதற்கு ஓராண்டு முன்னர் வந்த சோனியின் பீட்டாமெக்ஸை வீழ்த்திக்கொண்டிருந்த காலம் அது. டெக் வீட்டுக்கு வந்தபின், அதில் போட்டுப் பார்க்க வாடகைத் திரைப்படம் மட்டும் போதவில்லை. தம்மைத் தாமே பார்க்க வேண்டுமென்ற ஆசை வந்தது. அதற்கு வசதியான நாள் கல்யாண நாள்தான். கடல் கடந்து உழைக்கும் வாப்பாவுக்கும் காக்காவுக்கும் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காதபோது, கெசட் ஒன்றைப் பொதிசெய்து அனுப்புவது ஒரு கடமையாகவே ஆயிற்று. எமது கல்யாண வீடியோவின் முதல் ரசிகர்கள் மணமக்கள் அல்லர்; பாலைவனத்து முகாம் அறைகளில் இருந்தவர்களே.

ஆரம்பகாலக் கெமரா இரண்டு துண்டாக இருந்தது. கெமரா ஒருவர் தோளில். பதிவுசெய்யும் டெக் இன்னொருவர் தோளில். இரண்டுக்குமிடையில் ஒரு வயர். முன்னவர் ஓடினால் பின்னவரும் ஓட வேண்டும். படத்தை வாங்கியது ஒரு கண்ணாடிக் குழாய். நேரே விளக்கை நோக்கித் திருப்பினால் அக்குழாயில் வடு விழுந்துவிடும். விளக்கு அசைந்தால் பின்னால் ஒளிவால் இழுபடும். 1983இல் சோனியும் 1984இல் ஜேவீசீயும் கெமராவையும் பதிவுக் கருவியையும் ஒன்றாக்கின. எனினும் எமது பக்கத்தில் நிலைத்தது, முழு அளவு கெசட் போடும் தோள் கெமராதான். நெஷனல், பெனசொனிக் என்ற பெயர்களை எமது வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். எடுத்த கெசட்டை அப்படியே வீட்டு டெக்கில் போடலாம் என்பதே அதன் பெரிய தகுதி. வெட்டி ஒட்டும் வசதி இல்லாத காலத்தில் எடுத்ததே முடிந்த முடிபு. வீடியோக்காரர் 'போஸ்' பொத்தானை அழுத்தி நிறுத்தி, அடுத்த காட்சிக்கு மீண்டும் அழுத்துவார். போஸில் நிற்கும்போதும் உள்ளே உருளை நாடாவில் உராய்ந்து சுழன்றுகொண்டே இருக்கும். நாடா தேயாதிருக்கச் சில நிமிடங்களில் கருவி தானாகவே விடுபட்டுவிடும். மீண்டும் பதியத் தொடங்கச் சில செக்கன்கள் பிடிக்கும். ஆகவே வலீ வாயைத் திறக்கமுன்பே விரல் பொத்தானில் இருக்க வேண்டும். நிகாஹ்வின் ஈஜாபும் கபூலும் சில செக்கன்களில் முடிந்துவிடுகின்ற விடயம். "ஹஸரத், இன்னொருக்காச் சொல்லுங்க" என்று கேட்க முடியுமா?

ஒலியே இங்கு பெரிய சோதனை. கெமராவிலிருக்கும் மைக் சத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் தன்மையுடையது. அமைதியானபோது மின்விசிறியின் இரைச்சலைப் பெருக்கும்; திடீரெனக் குரவை எழுந்தால் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மாப்பிள்ளை தணிந்த குரலில் 'கபில்து' சொல்வார். மைக் ஒரு முழத் தூரத்தில் இல்லாவிட்டால் அது பதியாது. விடயம் தெரிந்தவர்கள் ஒலிபெருக்கிக்காரரிடமிருந்து தனி வயர் ஒன்றை இழுத்துக்கொண்டார்கள். தெரியாதவர்கள் பின்னர் பைத்தையோ நாகூர் ஹனிபாவின் பாடலையோ மேலே ஏற்றி மறைத்தார்கள். இதனால் எத்தனையோ கெசட்டுகளில் மணமகனின் வாய் அசைகிறது, குரல் பாடகருடையதாக இருக்கிறது.

இனி வெளிச்சம். பெற்றோமெக்ஸில் நடந்த ஊர்வலத்துக்குள் 1000 வாற்று ஹலோஜன் விளக்கு நுழைந்தது. 230 வோல்ற்றில் அது நான்கு அம்பியருக்கு மேல் இழுக்கும்; பழைய வயரிங் உள்ள வீட்டில் பியூஸ் போவது வழமை. 1996இல் வரட்சியால் நாடு முழுவதும் நீண்ட மின்வெட்டு வந்தபோது ஜெனரேற்றர் இல்லாமல் கல்யாண வீடியோ இல்லை என்றாயிற்று. ஹலோஜன் மஞ்சள் சார்ந்தது, பகல் வெளிச்சம் நீலம் சார்ந்தது. பந்தலிலிருந்து அறைக்குள் நுழையும்போதெல்லாம் வெள்ளை எது என்று கெமராவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு வெள்ளைத்தாள் தேடி அலைய வேண்டியதில்லை. முன்வரிசையில் இருப்பவரின் தொப்பியே போதும். (கறுப்புத் தொப்பிக்காரர்களால் இக்கலைக்கு யாதொரு உதவியும் இல்லை.) மணமகளின் உடையும் நகையும் மின்னும்போது கெமரா தன் கண்ணைத் தானே சுருக்கிக்கொள்ளும், முகம் இருண்டுபோகும். கருவியின் தானியங்கியை நம்பாமல் கையால் திறந்து வைப்பவரே கைதேர்ந்தவர் எனப்பட்டார்.

ஆனால் இவ்வெளிச்சத்துக்கு வேறொரு குணமும் உண்டு. அது விழுந்த இடமே பதிவாயிற்று. விழாத இடம் வரலாற்றில் இல்லை. விளக்குப் பிடித்த பையன் மாப்பிள்ளையையும் ஹஸரத்தையும் ஊர்ப் பெரியவர்களையும் நோக்கிப் பிடித்தான். வளவின் பின்புறம் விடிய விடிய வெங்காயம் உரித்த பெண்கள் இருட்டில் இருந்தார்கள். அவர்கள் தற்செயலாகவே பதிவாகியிருக்கின்றார்கள். குரலாக மாத்திரம், பெரும்பாலும் குரவையாக.

அக்குரவையை இன்று எங்கே கேட்பது? ஆலாத்தி எடுத்தல், குரவையிடல், ஊர்வலத்தின் முன் பொல்லடி, சீனடி ஆகியன மார்க்கத்துக்குப் புறம்பானவை என்றோ பழைமை என்றோ எமது ஊர்களில் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. அது சரியா பிழையா என்ற வாதத்துக்குள் நான் புகவில்லை. கைவிட்டதைக் குறித்து வைக்கக்கூட நாம் அக்கறைப்படவில்லை என்பதே எனது குறை. மார்க்கம் படித்தவர்களுள் ஒரு சாரார் வீடியோவையே தடுத்த அதே ஆண்டுகளில், அவர்கள் நீக்கிய வழக்கங்களின் கடைசிச் சாட்சியாக வீடியோவே ஆனது விசித்திரம்தான்.

உருவப்பட வாதம் எமக்கு மட்டும் உரியதன்று. எகிப்தின் முப்தியாயிருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ, புகைப்படம் கண்ணாடியில் விழும் நிழலைப் பிடித்து வைப்பது போன்றதே எனக் கூறி அதனை அனுமதித்தார். சவூதியில் 1965இல் தொலைக்காட்சியை எதிர்த்த கலகத்தில் மன்னர் பைஸலின் உறவினரான இளவரசர் ஒருவர் பொலிசாரால் கொல்லப்பட்டார். 1975இல் அவரது சகோதரரே மன்னரைச் சுட்டுக் கொன்றார். எமது ஊர்களில் இரத்தம் சிந்தாமல் ஒரு சமரசம் பிறந்தது: பள்ளிக்குள் கெமரா வேண்டாம், வீட்டில் எடுக்கலாம். பெண்கள் பகுதிக்குக் கெமராவோடு ஒரு பெண் போவதே முறை என்பது என் எண்ணம். அதற்குப் பெண்பிள்ளைகளைப் பழக்காமல், அந்நிய ஆணை உள்ளே விட்டுவிட்டுப் பின்னர் பர்தாவைப் பற்றிக் கவலைப்படுவதில் நியாயமில்லை.

இவ்விடத்தில் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி எழுதப்படும் பதிவில் மணமகனின் கையொப்பம் உண்டு, வலீயின் கையொப்பம் உண்டு. மணமகளின் கையொப்பம் கட்டாயமில்லை. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கையைக் கையளித்தது. அதையொட்டி எழுந்த விவாதங்களில் இக்கையொப்ப விடயம் திரும்பத் திரும்ப வந்தது. கெசட்டைப் போட்டுப் பார்த்தால், சம்மதம் கேட்க வலீ அறைக்குள் போகும்போது கெமராவும் வாசல்வரை போயிருக்கும் காட்சி சிலவற்றில் கிடைக்கும். தலை குனிந்திருக்கும் பிள்ளை, பக்கத்தில் ராத்தாவோ மாமியோ, பின்னர் ஒரு சிறு தலையசைப்பு. காவின் புத்தகத்தில் இடம்பெறாத அந்தப் பிள்ளையின் பதில் நாடாவில் இடம்பெற்றிருக்கிறது. சில கெசட்டுகளில் அந்தத் தலையசைப்பும் இல்லை. அதுவும் ஒரு சாட்சிதான்.

யுத்தம் இத்தொழிலைத் தன்போக்கில் மாற்றியது. கடற்படைத் தளமுள்ள துறைமுகப் பட்டினத்தில் கெமராவோடு நடமாடுவதென்றால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பையைத் திறக்க வேண்டும், கெசட்டை ஓட்டிக் காட்ட வேண்டும். ஊரடங்கினால் இரவு ஊர்வலம் பகலுக்கு வந்தது. கிண்ணியாவுக்குப் போகும் மாப்பிள்ளை வீட்டார் 'பாதை'யில் ஏறியே கடக்க வேண்டியிருந்தது. உப்புக் காற்றுக்குப் பயந்து கெமராவைப் போர்த்திக்கொண்டு போவார்கள். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கப்பட்டபின் பாதையைக் காண முடிவது அந்தப் பழைய கெசட்டுகளில்தான்.

2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடல் கிண்ணியாவிலும் மூதூரிலும் உயிர்களோடு அலுமாரிகளையும் கொண்டுபோனது. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்தது அடையாள அட்டையும் பிள்ளைகளையும். கெசட்டை யார் நினைப்பார்? ஆயினும் அங்குமிங்குமாகச் சில பிரதிகள் தப்பின. கட்டாருக்கும் ஜித்தாவுக்கும் முன்பு அனுப்பப்பட்டவை அவை. இறந்துபோன மூத்தம்மாவின் அசையும் உருவம் ஒரு குடும்பத்துக்கு மிஞ்சியது இப்படித்தான்.

பின்னர் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1995இல் மினிடீவீ வந்தது, கணினியில் வெட்டி ஒட்ட வழி பிறந்தது. 2008இல் கெனன் நிறுவனம் படப்பிடிப்புக் கெமரா ஒன்றிலேயே உயர்தர வீடியோவைத் தந்தது. கடற்கரையில் தம்பதியர் நடக்கும் காட்சியும் பறக்கும் கெமராவும் வந்தன. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின் பறக்கும் கெமராக்களுக்குச் சிறிது காலம் தடையும் வந்தது. இப்புதிய வில்லைகள் முகத்தைத் துல்லியமாக்கிப் பின்னணியை மங்கலாக்கும். அழகுதான். ஆனால் மங்கிப்போவது யார்? பழைய வீடியோக்காரர் சஹன் வரிசையில் ஒரு சஹனையும் விடாமல், ஆறு ஆறு பேராக, மெதுவாகக் கெமராவை நகர்த்திக்கொண்டு போவார். யாரையாவது விட்டால் மனஸ்தாபம் என்ற பயம் அவருக்கு. பார்க்கச் சலிப்புத் தட்டும் அந்த இருபது நிமிடத்தை இன்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், ஓர் ஊரின் குடிசன மதிப்பீடு கிடைக்கும்: யார் யாரோடு ஒரே சஹனில் இருந்தார், அயலிலிருந்து வந்த தமிழ், சிங்களச் சகோதரர்கள் எங்கே அமர்ந்தார்கள், எந்த வாலிபர் அடுத்த ஆண்டுக் கெசட்டில் இல்லை.

நாடா நிரந்தரமானதன்று. காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தால் இளகும். எமது துறைமுகக் காற்று அதற்கு விஷம். வீஎச்எஸ் டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான யப்பானின் புனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்தியது. காந்த நாடாக்களைப் பிரதியெடுக்கும் வாய்ப்பு 2025 அளவில் அருகிவிடுமென யுனெஸ்கோ சார்ந்த எச்சரிக்கை 2019இல் வெளியானது. எனவே கெசட் வைத்திருப்போர் முதலில் அதன் சிறு ஜன்னலால் உள்ளே பார்க்க வேண்டும். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடக் கூடாது. போட்டால் நாடாவும் கெடும், டெக்கின் தலையும் கெடும். வெயிலில் காயவைப்பதும் கூடாது. நல்ல நிலையிலுள்ளதை ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, கணினியோடு இணைத்து ஓடவிட வேண்டும். இதில் குறுக்குவழி இல்லை. மூன்று மணித்தியாலக் கெசட்டுக்கு மூன்று மணித்தியாலம். பெண்கள் பகுதியை யார் பார்க்கலாம் என்பதை அவ்வீட்டுப் பெண்களிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இருபது கெசட்டுக்கு அறுபது மணித்தியாலம் பிடிக்கும். ஓர் ஏப்ரல் விடுமுறைக்குள் ஒரு டெக்கும் இரண்டு உயர்தர வகுப்பு மாணவரும் இருந்தால் முடித்துவிடலாம்.