திருக்கேதீச்சரத் தேவாரம்

மன்னார் மாவட்டத்து மாதோட்டத்தில், பாலாவிக் கரையில் கௌரி அம்பாளுடன் எழுந்தருளியுள்ள கேதீச்சரநாதர்மீது பாடப்பெற்ற இரு பதிகங்கள். ஈழத்தில் தேவாரப் பதிகம் பெற்ற தலங்கள் இரண்டே, மற்றது திருக்கோணமலை.

கிரேக்கப் புவியியலாளர் தொலமி கி.பி. 2ஆம் நூற்றாண்டில் குறித்த இலங்கைத் துறைமுகங்களுள் ஒன்று மாதோட்டமே என்பர் ஆய்வாளர் பலர். துறைமுகம் இவ்வளவு பழமையானதாயினும், தேவாரத்துக்கு முந்தைய வழிபாட்டிசை பற்றிய செய்தி இல்லை.

முதற்பதிகம் 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தருடையது. இரண்டாம் திருமுறையில் நட்டராகப் பண்ணில் அமைந்தது. அடுத்தது சுந்தரருடையது, ஏழாம் திருமுறையில் நட்டபாடைப் பண்ணில் உள்ளது. இன்றைய ஓதுவார்கள் முன்னதைப் பந்துவராளியிலும் பின்னதைக் கம்பீரநாட்டையிலும் பாடுவர். சம்பந்தர் பதிகத்தில் மாதோட்டத்துச் சோலைகளில் வண்டுகள் பண் பாடுகின்றன, மயில்கள் ஆடுகின்றன. சுந்தரர் மரக்கலங்கள் நெருங்கிய கடலைக் காட்டுகிறார்; பாலாவிக் கரையையோ பாட்டுக்குப் பாட்டு நினைக்கிறார். தலத்தின் இயற்கையும் துறைமுகத்தின் வளமும் இப்பதிகங்களில் நெருக்கமாகப் பதிவாகியுள்ளன.

இருவரும் கடல் கடந்து வந்தனரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இராமேச்சரத்தில் இருந்தபடியே பாடினர் என்பது பெரியபுராண மரபு. பாடல்களில் காணும் இடவிவரங்களைக் கொண்டு நேரில் வந்தனர் என்று கருதுவாரும் உளர்.

சோழர் காலத்தில் மாதோட்டம் இராசராசபுரம் எனப்பட்டது. தாழி குமரன் என்பவன் அங்கு இராசராச ஈச்சுரம் எடுப்பித்ததை ஒரு தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. அது கேதீச்சரமேயா, வேறு கோயிலா என்பது முடிவாகவில்லை.

பழைய கோயில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. 1505 என்று எழுதுவோர் உண்டு. போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியது 1560இல் ஆதலால் இடிப்பை அதற்குப் பிந்தியதாகக் கொள்வது பொருத்தம். இடிந்த கோயிலின் கற்கள் மன்னார்க் கோட்டைக்குச் சென்றன என்பது செவிவழிச் செய்தி. கோயில் இல்லாத காலத்திலும் பதிகங்கள் திருமுறை ஏடுகளில் வாழ்ந்தன. 1872இல் ஆறுமுக நாவலர், பாடல் பெற்ற இத்தலம் பாழடைந்து கிடப்பதைச் சுட்டிச் சைவர்களைத் திருப்பணிக்கு அழைத்தார். 1894இல் பழைய சிவலிங்கம் மண்ணிலிருந்து வெளிப்பட்டது. 1903இல் சிறு கோயில் எழுந்தது. 1948இல் அமைந்த திருப்பணிச் சபையை சேர் கந்தையா வைத்தியநாதன் முன்னின்று நடத்தினார். 1976இல் குடமுழுக்கு நிகழ்ந்தது.

1990இல் உள்நாட்டுப் போரால் வழிபாடு தடைப்பட்டது. இந்திய அரசின் உதவியுடன் கருங்கல்லால் புதுப்பிக்கப்பட்ட கோயிலுக்கு 2022 யூலையில் குடமுழுக்கு நடந்தது.

மகா சிவராத்திரியில் அடியார்கள் பாலாவி நீரைக் குடத்தில் முகந்து வந்து, மண்ணிலிருந்து மீண்ட அந்தப் பழைய லிங்கத்துக்குத் தம் கையாலேயே ஊற்றுகின்றனர். பூசை நிறைவில் ஓதப்படும் பஞ்சபுராணத்தில் முதலிடம் தேவாரத்துக்கே உரியது. தலத்தின் தொன்மைக்கு இன்றும் தலையாய இலக்கியச் சான்று இவ்விரு பதிகங்களே.